திடலுக்கு வேலி போடுமுன் வியாபாரிகள் சொல்ல வேண்டியவை

கடந்த மாதம் ஓர் இரவு, பக்கத்து ஊரில் பாதணிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "காக்கா, நம்மட திடலைச் சுத்தி முளை அடிச்சிருக்காங்க. பூங்கா கட்டப் போறாங்களாம். சுத்திவர வேலி, ஒரே ஒரு வாசல், அதுவும் சபைப் பக்கமாத்தானாம். கடைக்கு வாறவங்க வாகனத்தை எங்க நிப்பாட்டுற? நாங்க எல்லாரும் கையொப்பம் வெச்சு ஒரு மகஜர் குடுக்கப் போறோம். பூங்கா வேணாம், கடைத்தொகுதி கட்டித் தாங்க எண்டு எழுதட்டா?" என்று கேட்டார்.

அவசரப்பட வேண்டாம் என்று சொன்னேன். அப்படியொரு மகஜரில் ஒரு காலத்தில் நானும் கையொப்பமிட்டவன். அதன் விலையையும் கொடுத்தவன். இந்தப் பகுதியில் இதுவரை கடன், வரி, கொள்வனவு என்றே எழுதி வந்திருக்கிறேன். பூங்காவுக்கும் வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தத் தொடர்பு எனக்கும் பிந்தித்தான் விளங்கியது.

எங்கள் ஊர்ச் சந்திக்கு அருகே ஒரு வெற்று நிலம் இருந்தது. பெரிய வாகை மரங்கள் நான்கு, ஒரு குழாய்க் கிணறு, அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் சந்தை கூடும். மற்ற நாட்களில் மாடு மேயும், பிள்ளைகள் பந்தடிப்பார்கள். வியாபாரிகளாகிய எங்கள் கண்ணுக்கு அது வீணாகக் கிடக்கும் நிலம். கடைத்தொகுதி கட்டினால் வாடகையும் வரும், ஊரும் முன்னேறும் என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். அது கட்டப்பட்டதும் கீ மணி கொடுத்து மேல் மாடியில் ஒரு கடை எடுத்தேன். மூன்று வருடங்களில் பூட்டினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து யார் சாரியும் சட்டைத்துணியும் வாங்கப் போகிறார்கள்?

அந்த நட்டத்தை விடப் பெரியது கீழே இருந்த பழைய கடைக்கு ஏற்பட்டது. தூரக் கிராமங்களிலிருந்து குடும்பமாக வருபவர்கள் முன்பெல்லாம் காலையில் வந்தால் அஸருக்குப் பிறகுதான் திரும்புவார்கள். பெண்கள் பிள்ளைகளுடன் மரத்தடியில் இருப்பார்கள், கொண்டு வந்ததை உண்பார்கள். ஆண்கள் கூட்டுறவுக் கடை, கச்சேரி, வங்கி என்று போய் வருவார்கள். அந்த இடைவெளியில்தான் பெண்கள் எழுந்து வந்து துணி பார்ப்பார்கள், பாத்திரம் பார்ப்பார்கள், விலை பேசிவிட்டுப் போய் மறுபடியும் வருவார்கள். மரம் போனதும் இருக்க இடமில்லாமல் போயிற்று. வேண்டியதை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். அந்த மரத்தடிதான் எங்கள் கடைகளின் முன்மண்டபம் என்பதை, அது இல்லாமற் போன பின்னரே கண்டுகொண்டோம்.

இதை என் ஊர்க் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் வைட் என்பவர், நியூயோர்க் நகரின் சிறிய திடல்களில் மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் எண்ணிப் பார்த்து, 1980இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் கண்டது மிகச் சாதாரணமான விடயம். இருப்பதற்கு இடம் எங்கே உண்டோ அங்கேதான் மக்கள் இருக்கிறார்கள். அந்நகரின் பொது நூலகத்துக்குப் பின்னால் பிரயன்ட் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. வீதியிலிருந்து உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதபடி வேலியும் உயர்ந்த செடிகளும் மறைத்திருந்ததால், 1970களில் அது போதைப்பொருள் விற்போரின் இடமாகிப் போயிருந்தது. காவலாளிகளைக் கூட்டுவதோடு நிற்காமல், மறைப்புகளை அகற்றி, வாசல்களை அகலமாக்கி, விரும்பிய இடத்துக்கு இழுத்துப் போட்டு இருக்கக்கூடிய கதிரைகளையும் வைத்து, 1992இல் அதனை மீண்டும் திறந்தார்கள். சுற்றியிருந்த கட்டட உரிமையாளர்கள் அதன் பராமரிப்புக்குப் பணம் செலுத்தினார்கள். தர்மத்துக்காக அல்ல. பூங்கா நன்றாக இருந்தால் தங்கள் கட்டடங்களின் வாடகை உயரும் என்ற கணக்கில்தான். வேலியும் ஒற்றை வாசலும் என்று தம்பி சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பூங்காதான்.

ஆகவே, பூங்கா வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எப்படிப்பட்ட பூங்கா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், அந்தத் தீர்மானத்தில் நமக்கு எந்தக் கட்டத்தில் பங்கு உண்டு என்பதே கேள்வி. அடிக்கல் நட்ட பிறகு மகஜர் கொடுப்பது நம்மவர்களின் பழைய வழக்கம். அப்போது கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தமும் கைச்சாத்தாகி, வாசல் எந்தப் பக்கம் என்பது வரைபடத்தில் உறுதியாகிவிட்டிருக்கும். வரைபடம் பென்சிலில் இருக்கும் காலத்தில் பேசினால்தான் பயன்.

இங்கே இரண்டு வகையான திட்டங்களைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, முழு நகரத்துக்குமான அபிவிருத்தித் திட்டம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களுக்கு நகர அபிவிருத்தி அதிகார சபை இதனைத் தயாரிக்கிறது. எது வர்த்தக வலயம், எது குடியிருப்பு, எது திறந்த வெளி என்பதெல்லாம் இதிலே வந்துவிடும். வரைவு தயாரானதும் அறிவித்தல் வெளியிட்டு, பொதுமக்கள் பார்வையிடுவதற்காக அதனை 60 நாட்கள் வைக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபனை தெரிவிக்கலாம். சங்கமாக இருக்க வேண்டும் என்றில்லை, சட்டத்தரணி வேண்டும் என்றுமில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்த அறிவித்தலைப் பார்க்கிறோம்? பத்திரிகையில் விலைப்பட்டியலும் மரண அறிவித்தலும் வாசிக்கும் நாம், அந்தச் சிறிய எழுத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம். வர்த்தக சங்கங்கள் குறைந்தபட்சம் ஒருவரையாவது இந்த அறிவித்தல்களைக் கவனிப்பதற்கென்று நியமிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, சபையோ ஓர் அமைச்சோ ஒரு குறிப்பிட்ட நிலத்தில் செய்யும் தனித் திட்டம். தம்பியின் ஊர்ப் பூங்கா இந்த வகை. இதற்கு அந்த 60 நாள் கிடையாது. இங்கே நமக்குக் கைகொடுப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, வரைபடம், மதிப்பீட்டுச் செலவு, பணம் எங்கிருந்து வருகிறது, பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டங்களாயின், அவை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் அவை பற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறியத்தர வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. இது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு கதை. இருந்தாலும், கடிதத்தில் அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிப் பாருங்கள். பதிலின் தொனியே மாறும்.

இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. அதிலும் ஒரு திறந்த வெளிக்குப் பங்கு உண்டு. கொழும்பு காலிமுகத் திடலின் நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859இல் கட்டி முடித்து, கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நலனுக்காகத் தனக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் பொறித்து வைத்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்தத் திடலை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்து பெரியதோர் களியாட்ட வளாகம் அமைக்கப்படப் போவதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. சுற்றாடல் மன்றம் ஒன்று நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் விபரம் கேட்டது. கிடைக்கவில்லை. 2004இல் வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. தகவலைத் தர மறுத்தது அடிப்படை உரிமை மீறல் என்றும், அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்றும் 2005 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தகவல் அறியும் உரிமை அரசியலமைப்பில் எழுதப்பட்டது 2015இல். அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னரே, ஒரு புல்வெளியின் பெயரால் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் மாலையில் அங்கே போனால் இறால் வடைக்காரரிலிருந்து பட்டம் விற்பவர் வரை எத்தனை குடும்பங்கள் அந்த வெளியை நம்பிப் பிழைக்கின்றன என்பதைக் காணலாம்.

சரி, கருத்துச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தால் என்ன சொல்வது? "எமது வியாபாரம் பாதிக்கப்படும்" என்று ஒரு வரி எழுதினால் அதிகாரி கோவையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். எண்ணிக்கை கொடுங்கள். ஒரு கடைப் பையனிடம் கொப்பியைக் கொடுத்து ஒரு வாரம் எண்ணச் சொல்லுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் திடலைக் குறுக்கறுத்து நடந்து வருபவர் எத்தனை பேர், எந்தப் பக்கத்தால் நுழைகிறார்கள், வாகனம் நிறுத்துவோர் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார்கள், அவர்களில் வாடிக்கையாளர் எத்தனை பேர், நாள் முழுவதும் நிறுத்திவிட்டுப் போகும் கடை உரிமையாளர்கள் எத்தனை பேர். இந்தக் கடைசிக் கணக்கு நமக்குக் கொஞ்சம் வெட்கத்தைத் தரும். பல ஊர்களில் கடை முன்னால் உள்ள நிழலான இடத்தைக் காலையிலேயே பிடித்துக்கொள்வது முதலாளிமாரின் மோட்டார் சைக்கிளும் வேனும்தான்!

அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு கோரிக்கையைக் குறிப்பாக எழுதலாம். கடைத்தெருப் பக்கமும் ஒரு வாசல் வேண்டும். வேலி கட்டாயம் என்றால் இடுப்பளவுக்கு மேல் வேண்டாம். பழைய மரங்களை வெட்டாமல் பாதையை வளைத்துப் போடுங்கள். சாமான் லொறி இறக்குவதற்குக் காலையில் குறித்த நேரம் ஒதுக்குங்கள். மாரியில் வெள்ளம் வடிந்து போவது அந்தத் திடலுக்குள்தான் என்றால், கொங்கிறீட் போட்டு மூடினால் அந்தத் தண்ணீர் எங்கள் கடைக்குள்தான் வரும் என்பதையும் எழுதுங்கள். அதை வடிகால் பொறியியலாளரை விட, கடைக்குள் தண்ணீர் அள்ளியவர் நன்றாக அறிவார். மலசலகூடம், தண்ணீர், விளக்கு ஆகிய மூன்றும் இல்லாத பூங்காவுக்குப் பெண்கள் வரமாட்டார்கள். பெண்கள் வராவிட்டால் பிள்ளைகளும் இல்லை, வியாபாரமும் இல்லை.

பராமரிப்பைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கட்டுவதற்குப் பணம் எங்கிருந்தாவது வந்துவிடும், திறப்பு விழாவும் நடக்கும். புல் வெட்டவும் மின்குமிழ் மாற்றவும்தான் பணம் இருக்காது. சபையின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வருட முடிவுக்குள் நிறைவேற வேண்டும். எனவே செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே உங்கள் பகுதி உறுப்பினரைச் சந்தித்து அதற்கொரு தொகை ஒதுக்கச் சொல்லுங்கள். 2023 மார்ச்சில் கலைந்த சபைகளுக்கு 2025 மே மாதம்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடங்களும் கேட்பதற்கு உறுப்பினரே இல்லை. இப்போது இருக்கிறார்கள்.

இன்னுமொன்று. சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். பூங்காவைப் பற்றிப் பேச வர்த்தக சங்கத்தினர் போகும்போது, தள்ளுவண்டிக்காரர்களை அகற்றுங்கள் என்ற கோரிக்கையையும் சேர்த்துக்கொண்டு போவது நம்மவர்களின் வழக்கம். வாடகையும் வரியும் கட்டுபவனுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் கச்சான் விற்பவரும் பழச்சாறு விற்பவரும் இருப்பதனால்தான் மாலையில் கூட்டம் நிற்கிறது. அவர்களுக்கென்று ஓரமாக ஓர் இடம், குப்பைத் தொட்டி, ஒரு சிறு கட்டணம் என்று முறைப்படுத்தச் சொல்வதே இலாபம். பத்தரமுல்லை தியத்த உயனவில் பூங்காவோடு சேர்த்தே பூச்செடி விற்போருக்கும் உணவு விற்போருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். செடி வாங்கப் போகிறவர் நடந்துவிட்டு வருகிறார், நடக்கப் போகிறவர் செடி வாங்கி வருகிறார்.

அதுபோல், கூட்டத்துக்கு வரும் கருத்துகளும் கடைக்காரரின் கருத்துகளாக மட்டும் இருந்துவிடக் கூடாது. எங்கள் ஊர் மகஜரில் இருந்த கையொப்பங்கள் அனைத்தும் ஆண்களுடையவை, அனைத்தும் கடை வைத்திருந்தவர்களுடையவை. மரத்தடியில் இருந்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எனக்கு அந்தக் கீ மணி மிஞ்சியிருக்கும்.

தம்பி இரண்டு வாரம் கழித்து மீண்டும் அழைத்தார். மகஜரை நிறுத்திவிட்டார்களாம். கடைப் பையன் எண்ணிய கொப்பி தயார். வீட்டில் மனைவியிடம் கேட்டபோது, "வெளிச்சம் எத்தனை மணி மட்டும் எரியும்? உள்ளுக்க நிக்கிறவங்களை ரோட்டால போறவங்களுக்குத் தெரியுமா?" என்று இரண்டே கேள்விதான் கேட்டாராம். அந்த இரண்டையும் கடிதத்தில் முதலாவதாகப் போட்டிருக்கிறார். தகவல் அலுவலருக்கான விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. வரைபடம் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.