ஜெர்மன் மொழியில் தொனியும் செய்தி நிலையும்

1. முன்னுரை

அச்சில் ஒன்றாகத் தோன்றும் வாக்கியம் பேச்சில் பலவாக அமைவதுண்டு. 'அன்னா ஹாட் டேன் ப்ரீஃப் கெலேசன்' (அன்னா கடிதத்தைப் படித்தாள்) என்னும் ஜெர்மன் வாக்கியம் இதற்குத் தக்க சான்றாகும். கேட்பவர் எதனை முன்பே அறிந்துள்ளார், எதனைப் புதிதாக அறியப்போகிறார் என்பதற்கேற்ப, பேசுவோர் இதனை வெவ்வேறு தொனியில் கூறுவர். பேச்சில் சுருதி ஏறி இறங்கும் அமைப்பே இங்குத் தொனி எனப்படுகிறது. தமிழில் இத்தகைய வேறுபாடுகளுட் பல இடைச்சொற்களாலும் சொல்வரிசையாலும் எழுத்திலேயே வெளிப்படுகின்றன. எனவே ஜெர்மனிலிருந்து தமிழாக்குவோர் அச்சில் இல்லாத தொனியை முதலில் உணர்ந்தாக வேண்டும். பொதுச் செந்தர ஜெர்மனை அடிப்படையாகக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

2. அழுத்தம் விழும் இடம்

ஜெர்மனில் ஒரு சொல்லுள் எந்த அசை அழுத்தம் பெறும் என்பது பெரும்பாலும் சொல்லின் அமைப்பாலேயே உறுதிப்படும். 'கெலேசன்' என்பதில் 'லே' அழுத்தம் பெறும். ஆனால் வாக்கியத்தில் எந்தச் சொல் சுருதி மாற்றத்தால் முன்னிறுத்தப்படும் என்பதைச் சூழலே முடிவு செய்கிறது. முன்னது சொல்லழுத்தம், பின்னது சுருதியழுத்தம். மேற்காட்டிய வாக்கியத்தின் முதன்மைச் சுருதியழுத்தம் பின்வருமாறு இடம் மாறும்.

(அ) 'அன்னா என்ன செய்தாள்?' என்பதற்கு விடையாயின் 'ப்ரீஃப்' (கடிதம்) அழுத்தம் பெறும். செயப்படுபொருளும் வினையும் சேர்ந்து புதுச்செய்தியாகும்போது அழுத்தம் வினைக்கன்றிச் செயப்படுபொருளுக்கே உரியதாதல் ஜெர்மனின் இயல்பு.

(ஆ) 'அந்தக் கடிதத்தை அன்னா என்ன செய்தாள்?' என்பதற்கு விடையாயின் கடிதம் அறிசெய்தியாகிவிடுகிறது. அது அழுத்தம் இழக்க, 'கெலேசன்' அழுத்தம் பெறும்.

(இ) 'கடிதத்தைப் படித்தது யார்?' என்பதற்கு விடையாயின் 'அன்னா' அழுத்தம் பெறும். எஞ்சிய பகுதி முழுவதும் தாழ்ந்த சுருதியில் செல்லும்.

(ஈ) 'அவள் படிக்கவே இல்லை' என்பாரை மறுப்பதாயின் துணைவினையாகிய 'ஹாட்' அழுத்தம் பெறும். இங்குச் சொற்பொருளில் புதியது ஏதுமில்லை. கூற்றின் உண்மையே வலியுறுத்தப்படுகிறது. டில்மன் ஹோலே 1992இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை 'வேரும் ஃபோகுஸ்', அதாவது மெய்ம்மைக் குவிமையம், எனக் குறித்தார்.

இந்நான்கிலும் 'டேன்' என்னும் வரையறைச் சுட்டு மாறாதிருத்தல் நோக்கத்தக்கது. எந்தக் கடிதம் எனக் கேட்பவர் அடையாளம் காண இயலும் என்பதை அச்சுட்டு காட்டுகிறது. அக்கடிதம் இப்பொழுது அவர் நினைவில் விழிப்புடன் உள்ளதா என்பதைத் தொனியே காட்டுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழைக்கு வழிகோலும்.

3. அழுத்தத்தின் வடிவம்

அழுத்தம் உண்டா இல்லையா என்பதோடு செய்தி நிலை முடிந்துவிடுவதில்லை. சுருதி எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதும் பொருள் தருகிறது. கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளவுஸ் கோலர் 1980களில் நிகழ்த்திய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. 'ஸீ ஹாட் யா கெலோகன்' (அவள் பொய் சொன்னாள்) என்னும் வாக்கியத்தில் சுருதியின் உச்சியை மட்டும் சிறிது சிறிதாக இடம்பெயர்த்து அவர் கேட்போருக்கு ஒலிக்கச் செய்தார். உச்சி, அழுத்த அசையாகிய 'லோ'வுக்கு முன்பே அமைந்தால், முன்பே தெரிந்ததை முடிவாகக் கூறுவதாகப் பொருள்படும். அசையின் நடுவில் அமைந்தால் புதியதை உணர்த்தும். அசையின் இறுதியை நோக்கித் தாமதித்தால், எதிர்பார்ப்புக்கு மாறான செய்தி என்னும் வியப்பு தோன்றும். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கான மாற்றத்தைக் கேட்போர் திடீரெனவும், இரண்டிலிருந்து மூன்றாம் வகைக்கானதைப் படிப்படியாகவும் உணர்ந்தனர்.

செய்தியைப் புதியது, பழையது என இரண்டாக மட்டும் பகுத்தல் போதாது என்பதை வாலஸ் சேஃப் வலியுறுத்தினார். நினைவில் விழிப்புடன் இல்லாவிடினும், முன் கூறியவற்றின் துணையால் எளிதில் எட்டக்கூடிய இடைநிலைச் செய்தியும் உண்டு. புத்தகத்தைப் பற்றிப் பேசிய பின் அதன் பக்கத்தைக் குறிப்பிடுவது இத்தகையது. ஸ்டெஃபான் பவுமன், மார்ட்டின் கிரைஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விடைநிலையும் ஒருதன்மைத்தன்று எனக் காட்டியது. இடைநிலைச் செய்திகளுட் சில அழுத்தமே இன்றியும், சில, உச்சி முந்தி அமைந்து அழுத்த அசையில் சுருதி தாழும் வகையிலும் வருதல் பொருந்துவதாகக் கேட்போர் கருதினர். புதுச்செய்திக்கோ அழுத்த அசையிலேயே உயரும் சுருதி உரியது.

4. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

'பேட்டர் ஹாட் அவுஹ் ஐன் பூஹ் கெகவுஃப்ட்' என்பதில் 'அவுஹ்' தமிழின் 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு இணையானது. 'பூஹ்' (புத்தகம்) அழுத்தம் பெற்றால், வேறு பொருள்களோடு 'பீட்டர் புத்தகமும் வாங்கினான்' என்பது பொருள். 'அவுஹ்' அழுத்தம் பெற்றால், பிறரைப் போலவே 'பீட்டரும் புத்தகம் வாங்கினான்' என்பது பொருள். அச்சில் இரண்டும் ஒன்றே. தமிழிலோ 'உம்' ஏதேனும் ஒரு சொல்லைச் சார்ந்தே வரவேண்டும். ஐயத்தை ஐயமாகவே விட்டுச்செல்லும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. தவறான சொல்லோடு சேர்ப்பின் செய்தியே மாறிவிடும்.

முன்னைய எடுத்துக்காட்டுகளுக்கும் இது பொருந்தும். (இ)க்குக் 'கடிதத்தைப் படித்தது அன்னா' என்பதும், (ஈ)க்கு 'அன்னா கடிதத்தைப் படிக்கத்தான் செய்தாள்' என்பதும் ஏற்றவை. கோலரின் வாக்கியத்தில் முந்திய உச்சிக்கு 'அவள் பொய் சொன்னவளாயிற்றே' என்றும், நடு உச்சிக்கு 'அவள் பொய்யல்லவா சொல்லியிருக்கிறாள்' என்றும், தாமதித்த உச்சிக்கு 'அவளா பொய் சொல்லிவிட்டாள்!' என்றும் சூழலுக்கேற்பப் பெயர்க்கலாம்.

ஜெர்மன் அச்சு சில இடங்களில் உதவுகிறது. இன்று சாய்வெழுத்தும், பழைய ஃப்ராக்டூர் எழுத்து நூல்களில் எழுத்துகளுக்கு இடையே விடப்பட்ட இடைவெளியும் அழுத்தத்தைக் காட்டும் குறிகளாம். ஆயினும் வழக்கத்திற்கு மாறான அழுத்தங்களையே இவை பெரிதும் சுட்டும். ஏனையவற்றை முன்வாக்கியங்களிலிருந்தே உய்த்துணர வேண்டும்.

5. முடிவுரை

ஜெர்மனில் அழுத்தத்தின் இடம் எது புதியது என்பதையும், அதன் வடிவம் எவ்வளவு புதியது, எத்தகைய மனநிலையோடு கூறப்படுகிறது என்பதையும் உணர்த்துகின்றன. எனவே ஒவ்வொரு வாக்கியத்தையும் பெயர்க்குமுன், அது எவ்வினாவுக்கு விடையாக நிற்கிறது என வினவிக்கொண்டு, அதனை வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் நலம். அவ்வாறு படிக்கையில் அழுத்தம் விழும் சொல்லே தமிழில் 'உம்', 'தான்', 'ஏ' போன்ற இடைச்சொல் சேர வேண்டிய இடத்தைப் பல வேளைகளில் காட்டிவிடும். தொனியைக் கருதாத மொழிபெயர்ப்பு சொற்களை முழுமையாகத் தந்தும், எதற்காக அவை சொல்லப்பட்டன என்பதைத் தராது போகும்.