மூன்றடி இடம் இருக்கிறதா உங்கள் வீட்டில்?

"தினமும் காலையில் ஒரு தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு 15 நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள்."

ரத்தக்கொதிப்பு, தூக்கமின்மை, தலைபாரம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் மருந்தோடு சேர்த்து இந்த வாக்கியத்தையும் சொல்லி அனுப்புவது என் வழக்கமாக இருந்தது. சூரணத்துக்குத் தேன் அனுபானம் மாதிரி, இதுவும் ஓர் அனுபானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, நான் சொல்லி முடித்ததும் சிரித்துவிட்டார். அவருக்கு வயது 46. ரத்த அழுத்தம் 150-க்கு 100. ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி, பிறகு தூக்கம் கிடையாது.

"தனி ரூமா? எங்க வீடே ஒரு ரூம்தான் டாக்டர். மாமியார் கட்டில்ல படுத்திருப்பாங்க. வீட்டுக்காரர் ராத்திரி பூரா ஆட்டோ ஓட்டிட்டு விடியக்காலம் வந்து கீழே படுப்பாரு. பசங்க ரெண்டு பேரும் படிக்கணும். நான் கண்ணை மூடி உட்கார்ந்தா, உடம்பு சரியில்லையாம்மான்னு உலுக்கிடுவாங்க. தனியா இருக்கணும்னா பாத்ரூம்தான். அதையும் யாராவது தட்டிக்கிட்டே இருப்பாங்க."

அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேரிடம் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன்! அவர்களில் எத்தனை பேர் 'தனி அறை நமக்கு ஏது' என்று அதை அப்படியே விட்டிருப்பார்கள்! நம் ஊர்களில் 200, 250 சதுர அடிக்குள் ஒரு குடும்பமே வாழ்கிறது. அந்தக் காலத்து ஒண்டுக்குடித்தனம் போனாலும், அடுக்குமாடி வந்தாலும், கட்டிலும் பீரோவும் வாஷிங் மெஷினும் போக மிச்சம் இருப்பது நடைபாதைதான். மன அமைதி அதிகம் தேவைப்படுகிறவர்களும் பெரும்பாலும் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே, தியானத்துக்கு அறை வேண்டாம். இடம் போதும். எவ்வளவு இடம் என்று கேட்கிறீர்களா? சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஒரு மனிதருக்கு மூன்றடிக்கு மூன்றடி தாராளம். ஒரு தலையணையை விரித்துப் போடும் இடத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

இதை எனக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தவர், என் கிளினிக் இருக்கும் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். கடையில் இரண்டு மெஷின், வெட்டும் மேஜை, துணி மூட்டை. தொழுகை நேரம் வந்ததும், மேஜையை ஒரு சாண் தள்ளுவார். ஆணியில் தொங்கும் விரிப்பை எடுத்து விரிப்பார். அவ்வளவு நேரம் கடையாக இருந்தது, சட்டென்று வேறு இடமாக மாறிவிடும். வாடிக்கையாளர் வந்தால் வாசலிலேயே நிற்பார். யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முடிந்ததும் விரிப்பைச் சுருட்டி மாட்டுவார். மறுபடியும் கடை. இத்தனை வருடம் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், புரிந்துகொள்ளத்தான் அந்த அம்மா சிரிக்க வேண்டியிருந்தது.

உங்களுக்கும் இதேதான். ஒரு சின்னப் பாய் அல்லது விரிப்பு. பத்தமடைப் பாய் கிடைத்தால் நல்லது, கோரைப்பாய் வேர்வையில் ஒட்டாது. இல்லாவிட்டால் பழைய போர்வையை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். அந்த விரிப்பில் படுக்காதீர்கள், சாப்பிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். வேலை முடிந்ததும் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடுங்கள். பதினைந்து இருபது நாளில், அந்த விரிப்பை விரித்த உடனேயே மூச்சு தானாகத் தணிவதைக் கவனிப்பீர்கள். நாய்க்குட்டி தன் சாக்கைத் தேடிப் போய்ச் சுருண்டு படுக்கிறதே, அதுபோல மனசுக்கும் பழகிய இடம் தெரியும்.

எங்கே விரிப்பது?

முதுகுக்குச் சுவர் இருக்கட்டும். முகம் டி.வி. பக்கமோ கண்ணாடி பக்கமோ வேண்டாம். அலமாரியைப் பார்த்து உட்கார்ந்தால் கலைந்து கிடக்கும் துணிகள்தான் மனதுக்குள் வரும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, கட்டிலின் கால்மாடு, மாடிப்படித் திருப்பம், எல்லாமே ஆகும். மொட்டைமாடி நல்ல இடம்தான், கொசு கடிக்காத வரையில்.

இரவு பாத்திரம் கழுவி முடித்த சமையலறையைப் பலர் சொல்கிறார்கள். வீட்டிலேயே சுத்தமான இடம், குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் ஒன்று. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில்தான் தங்கும். நீங்கள் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு விளக்கையும் ஏற்றி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சமையலறையில் உட்காருவதானால் சிலிண்டர் வால்வை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், விளக்கு வேண்டவே வேண்டாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். பாதம் இரண்டும் தரையில் படவேண்டும். தரையில்தான் உட்காருவேன் என்கிறவர்கள், இடுப்புக்குக் கீழே மூன்று நான்கு அங்குலம் உயரம் கொடுத்தால் முழங்காலுக்கு நோவு குறையும். பத்மாசனம் போட்டே தீருவேன் என்று காலை முறுக்கி, மூட்டு வீங்கி என்னிடம் வந்தவர்கள் உண்டு. சுகாசனம் என்று பெயரிலேயே சுகம் இருக்கிறதே, அதை ஏன் விடவேண்டும்?

புகை வேண்டாமே!

சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். எங்கள் முறையில் புற மருந்துகள் 32 வகை. அதில் புகையும் ஒன்று. மறுக்கவில்லை. மருந்து என்றாலே அளவு உண்டு, காலம் உண்டு, ஆள் உண்டு. பத்துக்குப் பத்து அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் சாம்பிராணி ஒன்று, ஊதுபத்தி மூன்று, பற்றாததற்குக் கொசுவர்த்தி ஒன்று என்று ஏற்றிவிட்டு ஆழமாக மூச்சு இழுத்தால் அது மருந்தல்ல.

நானே செய்திருக்கிறேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. நான் உட்காரும் இடம் மணக்கவேண்டும் என்று தினமும் கரி போட்டுத் தூபம் காட்டுவேன். அவளுக்கு ராத்திரி இருமல், மூச்சில் விசில் சத்தம். ஆடாதோடை கொடுத்தேன், திரிகடுகம் கொடுத்தேன், தாளிசாதி கொடுத்தேன். "அப்பா புகை போட்டாத்தான் எனக்கு இருமல் வருது" என்று அவளே சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. புகையை நிறுத்தினோம். இருமல் பெரும்பாலும் நின்றது. கரித்தணலை மூடிய அறையில் வைப்பது இதைவிட மோசம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை, உயிரையே எடுத்துவிடும். கொசுவர்த்தியைப் பற்றி ஒரு கணக்கு: ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகளின் எடை, சுருளின் வகையைப் பொறுத்து, 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

மணம் வேண்டுமென்றால் ஒரு சிறு மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி ஒரு பிடி வெட்டிவேரைப் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். இரண்டு மல்லிகைப் பூவும் போதும். எந்த மணமானாலும் தினம் ஒரே மணமாக இருக்கட்டும்.

இனி, எனக்குச் சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததே, அப்போது வீட்டில் எல்லோரும் ஒன்றாக அடைந்து கிடந்தோம். நான் வழக்கப்படி காலை 5.30-க்கு ஹாலில் உட்காருவேன். அரை மணி நேரம் வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். நம் தியானத்தின் மகிமை என்று எனக்கு உள்ளூரப் பெருமை. ஒருநாள் எழுந்து சமையலறைக்குப் போனேன். என் மனைவி காபி டம்ளரை ஆற்றாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏன் நிக்கிறே?"

"ஆத்தினா சத்தம் கேக்கும்ல? குழாயைத் திறக்க முடியல, குக்கர் வைக்க முடியல. நீங்க அமைதியா இருக்கிறதுக்காக நாங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கோம்ங்க."

எத்தனை வருடமாக என்று கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. "நீ எப்போ, எங்கே உட்காருவே?" என்று மட்டும் கேட்டேன்.

"மோட்டார் போட்டுட்டு டேங்க் நிரம்புற வரைக்கும் மாடிப்படியில உட்காருவேன். எனக்குன்னு இருக்கிறது அந்த 20 நிமிஷந்தான். அதையும் தண்ணி வழியுது, தண்ணி வழியுதுன்னு நீங்க கத்துவீங்க."

அன்றைக்கே ஹாலை விட்டுக்கொடுத்தேன். இப்போது என் இடம் பால்கனியில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே. குக்கர் விசில் அடிக்கும், பக்கத்து வீட்டில் ரேடியோ பாடும், ஈரத்துணி தலையில் சொட்டும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஃபேன் சத்தத்தில் நாம் தூங்கவில்லையா? மாடிப்படி இப்போது முழுக்க அவளுடையது. தண்ணீர் வழிந்தால் வழியட்டும் என்று நான் வாயை மூடிக்கொள்கிறேன் (தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும், பிற்பாடு தானாக நிற்கும் ஸ்விட்ச் ஒன்று வாங்கி மாட்டினேன்).

அதனால் சொல்கிறேன், இடத்தைத் தேடுமுன் வீட்டாரிடம் பேசுங்கள். விரிப்பு விரித்திருக்கிறது என்றால் யாரும் கூப்பிடக் கூடாது, பால் பொங்கினால் தவிர. இந்த ஒரு சட்டம் போதும். ஆனால் வீட்டில் யாருக்கு வேண்டுமானாலும் அந்த விரிப்பு கிடைக்கவேண்டும். அம்மாவுக்கும், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற பையனுக்கும்தான். சின்னக் குழந்தைகளுக்குக் கடிகாரத்தைக் காட்டிவிடுங்கள். 'பெரிய முள் இங்கே வந்ததும் அம்மா வந்துடுவேன்' என்றால் கேட்டுக்கொள்ளும். செல்போனை வேறு இடத்தில் வையுங்கள். தியானத்துக்கென்று போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு, நடுவில் வரும் மெசேஜைப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும்.

உட்கார்ந்த பிறகு?

பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது நம் யோக நூல்களின் கணக்கு. வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 15 வருகிறது. இன்றைய மருத்துவம் சொல்லும் அளவும் ஏறக்குறைய அதுதான். இந்தப் பதினைந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு, ஏழு என்று தணியவிடுங்கள். மூக்கு வழியாக இழுங்கள். விடும்போது இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். மூச்சை விடும்போது நாடித் துடிப்பு சற்றுத் தணியும், உங்கள் மணிக்கட்டிலேயே தொட்டுப் பார்க்கலாம். உள்ளே அடக்கி வைக்கும் பயிற்சிகளை ரத்தக்கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தானாகச் செய்யவேண்டாம்.

சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காராதீர்கள். அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் சொல்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. கண்ணை மூடியதும் அழுகை வருகிறது என்று சிலர் பயப்படுகிறார்கள். வந்தால் வரட்டும். ஆனால் உட்காரும்போதெல்லாம் பயமும் படபடப்பும் கூடிக்கொண்டே போனாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு வந்தாலோ, விரிப்பைச் சுருட்டிவிட்டு உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வியாசர்பாடி அம்மா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இடம் பிடித்துவிட்டார். நேரம் மத்தியானம் 2.30, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரர் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார். காவல், கட்டிலில் இருக்கும் மாமியார். யாராவது வந்தால் "அவ உட்கார்ந்திருக்கா" என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறாராம். ரத்த அழுத்த மாத்திரையை அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. நீங்களும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்தவர், குற்றம் செய்தவர் மாதிரி தயங்கினார். "உட்கார்ந்த அஞ்சு நிமிஷத்துல சுவத்துல சாஞ்சு தூங்கிடுறேன் டாக்டர். தியானமே பண்றதில்ல."

அந்தப் பதினான்கு வேகங்களில் தூக்கமும் ஒன்று. தூங்குங்கள் என்றேன்.