சாமிக்கா, சிம்மாசனத்துக்கா?

2011-ல் வந்த 'ஸ்கைரிம்' கணினி விளையாட்டை டிராகன் கொல்லத்தான் பலரும் ஆடுகிறோம். எனக்குப் பிடித்தது அதிலுள்ள உள்நாட்டுக் கலகம்.

பேரரசை நிறுவிய டைபர் செப்டிமைத்தான் நார்டு மக்கள் டேலோஸ் என்று கும்பிடுகிறார்கள். 'மனுஷன் எப்படிச் சாமியாவான்?' என்பது தால்மோர் எல்ஃப்களின் வாதம். நான்காம் யுகம் 171 முதல் 175 வரை நடந்த பெரும்போரின் முடிவில், பேரரசர் ஒப்பந்தம் போட்டு அந்த வழிபாட்டைத் தடை செய்தார். பேரரசுக்காக ரத்தம் சிந்தி ஊர் திரும்பினவனிடம், 'உன் சாமியைக் கும்பிடாதே' என்றால் வயிறு எரியாதா? சாதாரணச் சிப்பாயின் கோபம் நியாயமானதுதான்.

தலைவன் உல்ஃப்ரிக் விஷயம் வேறு. 176-ல் மார்க்கார்த் நகரை மீட்டால் வழிபாட்டுக்கு அனுமதி என்றார்கள். மீட்டான், பிறகு அவனையே சிறையில் போட்டார்கள். அந்த வஞ்சம் இருக்கு. ஆனால் 201-ல் மாமன்னன் டோரிக்கைக் கொன்றதில் சிம்மாசன ஆசையும் இருக்கு. சாமிக்கு உரிமை கேட்கிறவன் ஊரிலேயே டார்க் எல்ஃப் அகதிகளுக்குத் தனிச்சேரி! அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

எங்க வீட்ல படிக்க வந்த முதல் ஆள் நான். காகிதம் கிடைச்சா விடறதில்லை. தால்மோர் தூதரகத்தில் உல்ஃப்ரிக் பற்றி ஒரு கோப்பு இருக்கும், எடுத்துப் படியுங்கள். இரண்டு பக்கமும் ஜெயிக்கக்கூடாது, சண்டை இழுத்துக்கிட்டே போகணும் என்பதே அவர்கள் கணக்கு.