ஏர்வாடிக் கடலும் ஆழ்கடல் பூதமும்

கடலையே களமாக வைத்துத் தமிழில் திகில் படம் வருவது அபூர்வம். 2025 மார்ச் 7 அன்று வெளியான ‘கிங்ஸ்டன்’ அந்த வகையில் குறிப்பிட வேண்டிய முயற்சி. கமல் பிரகாஷ் இயக்கிய முதல் படம் இது, ஜி.வி. பிரகாஷ் குமார் நடித்த இருபத்தைந்தாவது படம். தூத்துக்குடிப் பக்கம் தூவத்தூர் என்ற கற்பனை ஊர். கடலுக்குள் போனவர்கள் பிணமாகத்தான் திரும்புகிறார்கள் என்பதால் அங்கே யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அந்தச் சாபத்தை உடைக்க நாயகன் படகை இறக்குகிறான். நடுக்கடலில் அவனைத் தாக்க வருவது சுறாவோ கணவாயோ அல்ல, செத்துப்போன மனிதர்கள்.

உலகப் படங்கள் பிடித்த வழி வேறு. ஹாலிவுட்டில் 1989ஆம் ஆண்டு ஒன்றிலேயே ‘டீப்ஸ்டார் சிக்ஸ்’, ‘லெவியாத்தன்’ என்று இரண்டு ஆழ்கடல் பூதப் படங்கள் வெளிவந்தன. 2020இல் வில்லியம் யூபாங்க் இயக்கிய ‘அண்டர்வாட்டர்’ படமும் அதே மரபுதான். கடலடியில் ஒரு நிலையம். மனிதர்கள் தரையைத் தோண்டுகிறார்கள். ஆழத்திலிருந்து எதுவோ விழித்துக்கொள்கிறது. ‘அண்டர்வாட்டர்’ கதை உலகின் மிக ஆழமான மரியானா அகழியில் நடக்கிறது. நிலையம் நொறுங்கியபின் தப்பியவர்கள் கவச உடையோடு கடல்தரையில் நடந்தே அடுத்த நிலையத்துக்குப் போகிறார்கள். இந்தப் படங்களில் பூதம் என்பது மனிதப் பேராசைக்குக் கிடைக்கும் தண்டனை. ‘கிங்ஸ்டன்’ படத்திலோ ஊருக்கும் கடலுக்கும் இடையில் முடியாமல் கிடக்கும் பழைய கணக்கு.

தூத்துக்குடியும் ஏர்வாடியும் இருக்கும் மன்னார் வளைகுடாவின் மக்கள் கடலுக்கடியில் இருக்கும் வாயைக் கண்டு அஞ்சியதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மூச்சை அடக்கி இறங்கியவர்களுக்குச் சுறா பயம் பெரிது. அதற்காகவே ‘கடல் கட்டி’ என்றொருவர் இருந்தார். குளிப்பவர்கள் நீருக்குள் இருக்கும்வரை மந்திரம் ஓதி, சுறாவின் வாயைக் கட்டிவைப்பது அவர் வேலை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி, மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டும்தான், இரவில் அவர்களே கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கி முத்தெடுக்காமல் இருக்கவும் அது உதவியது. கடல் கட்டி இல்லாமல் ஆட்கள் இறங்க மறுத்ததால், 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசும் அவரை வைத்துக்கொண்டது. திரைக்கதையாசிரியர்கள் கையில் எடுக்க ஏற்ற பாத்திரம் இது.

ஆனால் ஏர்வாடிக்கு எதிரே இருக்கும் கடலில் பூதம் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஏர்வாடி, கீழக்கரை கரைகளுக்கு அப்பால் அப்பா தீவு, வாழைத் தீவு, முல்லித் தீவு, ஆனைப்பார் என்று சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இவையும் சேரும். கரைக்கும் தீவுக்கும் நடுவே சில பாகம்தான் ஆழம். வெயில் தரைவரை இறங்குவதால் கடற்புல் தழைக்கிறது, பவளப்பாறை வளர்கிறது, பெண்கள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். இங்கே வாழும் பெரிய விலங்குகளில் ஒன்று ஆவுளியா என்னும் கடல் பசு. மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ எடை வரை வளரும் அந்த உயிர் புல்லை மட்டுமே மேய்கிறது; சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வருகிறது. மனிதரை அஞ்சவேண்டிய நிலையில் இருப்பது அதுதான். வலையில் சிக்கியும் வேட்டையாடப்பட்டும் எண்ணிக்கை குறைந்துபோனதால், பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் தமிழ்நாடு அரசு கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

வளைகுடா தெற்கே போகப்போக ஆழ்கடலாகிறது. 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மங்கி, ஆயிரம் மீட்டரில் முற்றிலும் இருட்டிவிடும். பத்து மீட்டர் இறங்கும்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6,000 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 600 கிலோ அழுத்தும். திறந்த கடலில் முக்குளிப்பவர்கள் வேலை செய்த மிக அதிக ஆழமே 534 மீட்டர்தான். 1988இல் பிரான்ஸ் கடலில் நடந்தது அது. பதினோரு கிலோமீட்டர் ஆழத்தில் கவச உடையோடு நடப்பதெல்லாம் திரையில் மட்டுமே கூடும்.

பூதத்துக்கு அதைவிடப் பெரிய தடை பசி. சூரிய ஒளி இல்லாத இடத்தில் தாவரம் இல்லை. மேலிருந்து உதிரும் துணுக்குகளும், எப்போதாவது மூழ்கும் திமிங்கலச் சடலமும்தான் பெரும்பாலும் அங்கே சாப்பாடு. நகரங்களை விழுங்கும் உடம்பை அது தாங்காது. அங்கு வாழப் பழகியவற்றில் ஒன்று பாத்தினோமஸ் என்னும் பதினான்கு கால் உயிர். ஜாவாவுக்குத் தெற்கே 2018இல் நடந்த ஆய்வில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து கிடைத்த ஓர் இனத்துக்கு 2020இல் ‘பாத்தினோமஸ் ராக்சசா’ என்று பெயரிட்டார்கள். ஓரடிக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள ராட்சதன் அது. ஜப்பானில் டோபா காட்சியகத்தில் வைத்திருந்த இன்னொரு பாத்தினோமஸ், 2009 ஜனவரியில் ஒரு மீனைத் தின்றபின் ஐந்து ஆண்டுகள் எதையும் உண்ணாமலேயே வாழ்ந்தது. படங்களில் வரும் அடங்காத வேட்டை வெறிக்கு நேர் எதிரான பொறுமை இது.

அந்த இருட்டுக்குள் மனிதரை இறக்கும் வேலை சென்னையில் நடக்கிறது. தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் ‘மத்ஸ்யா 6000’ மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவதற்கான வாகனம். 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள டைட்டானியக் கோளத்துக்குள் அவர்கள் உட்கார வேண்டும். பயணம் பன்னிரண்டு மணி நேரம். ஆபத்து நேர்ந்தால் 96 மணி நேரம் உயிர்தாங்க ஏற்பாடு உண்டு. மூச்சுக்காற்றை எண்ணிக்கொண்டு மூவர் காத்திருக்கும் அந்த அறைக்குள் எந்தப் பூதமும் வரத் தேவையில்லை. அச்சத்துக்கு அதுவே போதும். 2025இன் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வாகனத்தை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், பயிற்சிக்காகப் பிரான்சின் ‘நாட்டில்’ வாகனத்தில் அட்லாண்டிக் கடலுக்குள் சென்ற இரண்டு இந்தியர்களில் ஒருவர் 4,025 மீட்டரையும் மற்றவர் 5,002 மீட்டரையும் தொட்டுத் திரும்பினர்.