வாசல் காலி என்பதை மூளை எப்போது நம்பும்?

வாசலில் சோறு வைத்துவந்த தெருநாய் லாரியில் அடிபட்டுச் செத்து இரண்டு மாதமாகிறது. இன்னும் ராத்திரி கதவைச் சாத்தும்போது கண் தானாக வாசற்படிக்குப் போகிறது. வளர்த்த நாய்கூட இல்லையே, ஏன் இப்படி என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வளர்த்த நாய் இல்லை என்பதே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இம்மாதிரிக் கேள்விக்கு உடனே வந்து விழும் பதில், ‘துக்கத்தின் ஐந்து நிலைகள்’. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான். பறிகொடுத்தவர்கள் எல்லோரும் அதே வரிசையில் ஏறி இறங்குவார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அதை நம்பி, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று யாரும் தவிக்க வேண்டாம்.

என்னை ஈர்ப்பது வேறு இரண்டு சங்கதிகள். 2013-இல் நார்வேயில் ஆல்பர்ட் சாவோவும் மோசர் தம்பதியும் எலிகள் உலவும் பெட்டியில் ஒரு பொருளை வைத்து, பிறகு எடுத்துவிட்டார்கள். பொருள் இருந்த வெற்றிடத்தை எலி கடக்கும்போது மூளையில் சில நரம்பணுக்கள் துடித்தன. நாட்கள் கடந்தும் துடித்தன. எலியின் பெட்டியிலிருந்து மனிதத் துக்கத்துக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாதுதான். ஆனாலும் ‘இங்கே இருந்தது’ என்பதைக் குறித்துவைக்கத் தனி அணுக்கள் உண்டு என்பது எவ்வளவு பெரிய செய்தி!

இரண்டாவது பழையது. ஒளியைக் காட்டிக் கண்ணில் காற்றை ஊதி, ஒளிக்கே இமை மூடப் பழக்கும் சோதனையை லாய்டு ஹம்ஃப்ரீஸ் 1939-இல் செய்தார். ஒவ்வொரு முறையும் காற்று பட்டவர்கள், அது நின்றதும் சீக்கிரம் பழக்கத்தை விட்டார்கள். பாதி முறை மட்டுமே பட்டவர்கள் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை.

மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் 7.15-க்குத் தவறாமல் வரும் பஸ் இரண்டு நாள் வராவிட்டால் ரூட்டையே நிறுத்திவிட்டார்கள் என்று புரிந்துவிடும், ஷேர் ஆட்டோவுக்கு நடந்துவிடுவோம். நினைத்தபோது வரும் பஸ் அப்படியில்லை. ஒரு வாரம் வராததுகூட அதன் வழக்கத்துக்குள் அடக்கம். திருப்பத்தில் எந்த ஹாரன் கேட்டாலும் பையைத் தூக்குவோம், சில்லறையைக் கையில் எடுப்போம், பர்மிட் ரத்தாகிப் பல நாளான பிறகும்.

தெருநாய் அந்த பஸ்தான். ஒருநாள் வரும், மூன்று நாள் வராது, அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும். அது இல்லாத வாசல் உங்கள் மூளைக்குப் பழக்கப்பட்ட காட்சி. சாவுக்கு அத்தாட்சி ஆகாது. அறிவுக்குத் தெரிந்தது பழக்கத்துக்குப் போய்ச் சேர நாளாகும். இது என் ஊகம், யாரும் சோதித்து நிறுவியது அல்ல. உடலை நகராட்சி வண்டி விடிவதற்குள் எடுத்துப் போய்விட்டிருந்தால் தாமதம் இன்னும் கூடும் என்றும் நினைக்கிறேன்.

அதனால்தான் வீட்டுப் பிள்ளைகளிடம் ‘வேற ஊருக்குப் போயிடுச்சு’ என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் பிள்ளையைக் காத்திருக்க வைக்கும். செத்துப்போனதைச் சொல்லி, சேர்ந்து அழுவது நல்லது.

இப்போது குட்டி ஒன்று வருகிறது, சோறு வைக்கலாமா என்றும் வாசகி கேட்டிருந்தார். தாராளமாக வையுங்கள். சாலையை ஒட்டி வேண்டாம், சந்தின் உள்பக்கம் வையுங்கள். வெறிநாய்த் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.