களத்தை இடிக்க வேண்டாம். பழுது பார்த்தாலே போதும்

நெல், நிலக்கடலை, உளுந்து, மக்காச்சோளம் போன்றவற்றைக் காயவைக்கச் சிமெண்டுக் களம் போடும் விவசாயிகள், போட்ட பிறகு அதைக் கவனிப்பதே இல்லை. சில ஆண்டுகளில் வெடிப்பு விடுகிறது. டிராக்டர் ஏறும் ஓரம் நொறுங்குகிறது. நடுவில் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து, அடியில் உள்ள ஜல்லி தெரியத் தொடங்குகிறது. அந்த நிலையில்தான் கொத்தனாரைத் தேடுகிறார்கள்.

அப்போது நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முழுக் களத்தையும் உடைத்து எறிந்து விட்டுப் புதிதாகப் போடுவது. அல்லது இரண்டு மூட்டை சிமெண்டை மணலோடு குழைத்துக் கால் அங்குலப் பூச்சாக மேலே இழுத்து விடுவது. முதலாவது, தேவைக்கு மேல் பணத்தைத் தின்கிறது. இரண்டாவது, செலவு குறைவு போலத் தோன்றினாலும் அடுத்த அறுவடைக்குள் அப்பளம் போல் கிளம்பி நெல்லோடு கலந்து விடுகிறது. இரண்டுக்கும் நடுவே, பழுதான இடத்தை மட்டும் முறையாக வெட்டி அடைக்கும் வழி இருக்கிறது. சிக்கனம் அதில்தான்.

பழுதான களத்தால் வரும் நஷ்டம், வெடிப்புக்குள் விழும் மணிகளோடு நின்று விடுவதில்லை. நெல் கொள்முதல் நிலையங்களில் மண், கல், மணல் முதலியவை நூற்றுக்கு 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. மழைக் காலங்களில் அரசு தளர்வு தருவதும் உண்டு. பொடி உதிரும் களம் முதல் விதிக்குப் பகை. தண்ணீர் தேங்கும் களம் இரண்டாவதற்குப் பகை. மூட்டைகளோடு வரிசையில் நிற்கும்போது திரும்பத் தூற்று, திரும்பக் காயவை என்று சொல்லப்பட்டால், அந்தக் கூலியும் களத்தின் கணக்கில்தான் சேர வேண்டும்.

செலவுக் கணக்கு

ஆயிரம் சதுர அடிக் களம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதை உடைத்து விட்டு 4 அங்குல கனத்துக்கு 1:2:4 கலவையில் புதிதாகப் போட்டால் சுமார் 333 கன அடி கான்கிரீட் தேவை. சிமெண்டு மட்டும் ஏறக்குறைய 60 மூட்டை ஆகும். உடைக்கும் கூலி, இடிபாடுகளை அள்ளும் வண்டி வாடகை, மணல், ஜல்லி எல்லாம் தனி. அதே களத்தில் 100 சதுர அடி மட்டும் பெயர்ந்திருந்து, அதை ஒன்றரை அங்குல ஆழத்துக்கு வெட்டி அடைத்தால் 3 அல்லது 4 மூட்டை போதும். வெடிப்புகளுக்கு மேலும் ஒரு மூட்டை. களம் முழுவதற்கும் ஒன்றரை அங்குல கனத்தில் மேல்தளம் போட நேர்ந்தாலும், வளமான கலவையில் 28 மூட்டைக்குள் முடியும். இந்த எண்களைத் தத்தம் ஊர் விலையால் பெருக்கிப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

ஆனால் எல்லாக் களமும் பழுது பார்க்கத் தக்கதல்ல. அதை முதலில் அறிய வேண்டும். ஒரு சுத்தியலை எடுத்துக் களம் முழுவதும் அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக் கொண்டே போக வேண்டும். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். அடியில் விட்டுப் போன இடம் பானையைத் தட்டினாற்போல் பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளலான இடத்தைக் கரித்துண்டால் வளைத்துக் கோடு போட்டுக் கொள்ளலாம். பிறகு களம் முழுவதும் தண்ணீர் ஊற்றி, அரை மணி கழித்து எங்கெங்கே தேங்கி நிற்கிறது என்று பார்த்து அதையும் குறிக்க வேண்டும். பாதிக்கு மேல் கரிக்கோட்டுக்குள் வந்து விட்டால் புதுக்களம் போடுவதே மேல். கால் பங்குக்குள் அடங்கினால் தயங்காமல் பழுது பார்க்கலாம். இடைப்பட்ட களத்துக்கு மேல்தளம் ஏற்றது.

மேல் பகுதி பெயராமல், ஒரு பலகமே கீழே இறங்கியிருந்தால் கதை வேறு. அடிமண் போய் விட்டது என்று பொருள். எலி வளை தோண்டியிருக்கலாம். மோட்டார் வாய்க்கால் தண்ணீரோ கூரைத் தண்ணீரோ ஓரத்தில் இறங்கி மண்ணை அரித்திருக்கலாம். அங்கே மேலே எத்தனை பூச்சுப் போட்டாலும் நிற்காது. முதலில் தண்ணீரைத் திருப்பி விட்டு, அந்தப் பலகத்தை மட்டும் உடைத்து, சரளை போட்டுத் தண்ணீர் தெளித்து நன்றாகத் திமிசு கட்டையால் இடித்து, 4 அங்குல கான்கிரீட்டாகத் திரும்பப் போட வேண்டும்.

மெல்லிய பூச்சு ஏன் நிற்பதில்லை?

புதுச் சாந்து காயும்போது சுருங்கும். பழைய தளமோ சுருங்கி முடிந்தது. ஒன்று இழுக்க, மற்றொன்று அசையாமல் நிற்க, இரண்டும் ஒட்டிய இடத்தில் பிடி விடுகிறது. இடையில் தூசியோ, மண்ணோ, எண்ணெயோ இருந்தால் பிடிப்பே ஏற்படுவதில்லை. பழைய கான்கிரீட் உலர்ந்திருந்தால் புதுச் சாந்தின் தண்ணீரை அது உறிஞ்சிக் கொள்ளும். சிமெண்டு இறுகத் தண்ணீர் இல்லாமல் சாந்து வெறும் பொடியாகிறது. பூச்சு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விரைவில் இது நடக்கும். ஓரத்தில் தாள் போல் தேய்த்து முடித்த ஒட்டுதான் முதலில் கிளம்புவது. மரப்பலகையால் நெல்லைத் தள்ளும்போது அந்த நுனியில்தான் பலகை இடிக்கும்.

ஆகவே கொத்துவதில்தான் வேலையின் பாதி இருக்கிறது. குறித்த இடத்தை வட்டமாக விடாமல் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ கோடிட்டு, உளியால் ஓரத்தைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். ஆழம் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒன்றரை அங்குலம் நல்லது. பொள்ளலானதையெல்லாம் எடுத்து, கெட்டியான ஜல்லி தெரியும் வரை கொத்தி விட வேண்டும். இப்போது வெட்டும் இயந்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஓரத்தை நேராக வெட்ட அவை உதவும். எதனால் வெட்டினாலும் தண்ணீர் தெளித்துக் கொண்டே வெட்டுவதும், மூக்கை மூடிக் கட்டுவதும் அவசியம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வெட்டிய குழியைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். டீசல், கிரீஸ் சிந்திய இடமானால் சோப்புத் தூள் போட்டுத் தேய்க்க வேண்டும். எண்ணெய் ஊறிப் போயிருந்தால் அந்த அளவுக்கு இன்னும் ஆழமாகக் கொத்துவதுதான் வழி. முதல் நாள் மாலை ஈரச் சாக்கைப் போட்டு இரவெல்லாம் ஊற விட்டு, மறுநாள் நின்ற தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து விட வேண்டும். கை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது.

அடுத்தது சிமெண்டுப் பால். கெட்டியான மோர்ப் பதத்தில் கரைத்து, தென்னந்துடைப்பத்தால் குழியின் அடியிலும் பக்கங்களிலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். அது காய்வதற்குள் கலவையைப் போட்டு விட வேண்டும். காய்ந்த பால் பிடிப்பைக் கெடுக்குமே தவிரக் கொடுக்காது. பாலில் சேர்க்கும் ஒட்டுத் திரவங்கள் கடைகளில் விற்கின்றன. டப்பாவில் சொன்ன அளவில் சேர்த்தால் பிடிப்பு கூடும். கொத்தாமல், கழுவாமல் திரவத்தை மட்டும் நம்புவது வீண்.

ஓர் அங்குலக் குழிக்கு ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு மணல். ஒன்றரை அங்குலமும் அதற்கு மேலும் ஆனால் ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு பொடி ஜல்லி. ஆற்று மணலுக்குப் பதில் கான்கிரீட்டுக்கான எம்.சாண்ட் போதும், பூச்சுக்கான மிக நைசான மணல் வேண்டாம். தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். வேலை சுலபமாகட்டும் என்று சித்தாள் ஊற்றும் அந்த ஒரு வாளித் தண்ணீர்தான் பல களங்களைக் கெடுத்தது. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. அரை மணியில் தீரும் அளவே கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது.

கலவையைக் குழியில் போட்டு இடித்து, மட்டக்கோலால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து விடலாம். மேலே கசியும் தண்ணீர் மறையும் வரை காத்திருந்து பிறகே கரணையால் அழுத்த வேண்டும். கசிந்த தண்ணீரை உறிஞ்ச வறண்ட சிமெண்டைத் தூவித் தேய்க்கும் பழக்கம் எங்கும் உண்டு. அன்றைக்குப் பளபளப்பாக இருக்கும். அந்தப் பளபளப்பே பிறகு ஏடாக உரியும்.

கரிசல் நிலத்தில்

வெடிப்பு எல்லாம் ஒரே வகையல்ல. அசையாத வெடிப்பைக் கீழே அகலமாகவும் மேலே சற்றுக் குறுகலாகவும் இருக்கும்படி ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டி, மேற்சொன்னபடி கழுவி, பால் தேய்த்து, கெட்டிச் சாந்தை அடித்து இறுக்கி விடலாம். மயிரிழை வெடிப்புக்குச் சிமெண்டுப் பாலே போதும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் பூமியில் இது பலிக்காது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதோடு சேர்ந்து களத்து வெடிப்பும் மூடித் திறக்கும். அதற்குள் சிமெண்டை வைத்து அடைத்தால் மழைக் காலத்தில் இரு பக்கமும் நெருக்கி, வெடிப்பின் உதடுகள் உடையும். இங்கே அசைவுக்கு இடம் தரும் பொருளே வேண்டும். கோடையில் வெடிப்பு விரிந்திருக்கும்போது மண்ணைக் கிளறி எடுத்து, நன்கு உலர விட்டு, உருக்கிய தாரும் மணலும் கலந்து ஊற்றலாம். களமட்டத்துக்குக் கால் அங்குலம் கீழேயே நிறுத்தி, மேலே உலர்ந்த மணல் தூவ வேண்டும். மட்டம் வரை ஊற்றினால் மழைக் காலத்தில் பிதுங்கி வரும். சித்திரை வெயிலில் இளகி உளுந்தில் ஒட்டும். ரப்பர் போல் இழுபடும் அடைப்புப் பசைகளும் கிடைக்கின்றன. விலை அதிகம், உழைப்பும் அதிகம். பலகங்களுக்கு இடையே கொத்தனார் விட்ட இணைப்புக் கோடுகளையும் இதே முறையில் அடைக்க வேண்டும். சிமெண்டால் மூடி விட்டால் களம் வேறிடத்தில் வெடித்துக் கொள்ளும். களத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்காமல் ஒரு சிறு வாய்க்கால் எடுத்து விட்டால் கரிசலின் ஆட்டம் பாதி அடங்கும்.

குழியும் இல்லை, வெடிப்பும் இல்லை, ஆனால் கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது என்றால், அதற்குப் பூச்சே தேவையில்லை. கம்பிப் பிரஷால் தேய்த்துக் கழுவி உலர விட்டு, சோடியம் சிலிகேட் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் நாலு பங்கு கலந்து பிரஷால் பூசலாம். அது தளத்தில் மிஞ்சிய சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். ஒருநாள் விட்டுக் கழுவி, உலர்ந்தபின் மறுபடியும் பூச வேண்டும். மூன்று தடவை போதும். அடிவரை பலமில்லாத கான்கிரீட்டை இது காப்பாற்றாது.

மேல்தளம் போடுவோர் களம் முழுவதையும் கொத்தி விட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பழைய இணைப்புக் கோடு எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலேயே புதுத்தளத்திலும் கோடு விட வேண்டும். தேங்கும் தண்ணீருக்கு வாட்டம் திருத்த இதுவே சமயம். 10 அடிக்கு ஓர் அங்குலச் சரிவு விட்டால் தண்ணீர் வடிந்து விடும்.

மாட்டுத் தொழுவத்துக்கும் இதே முறைதான்; முடிப்பதில் மட்டும் வேறுபாடு. களம் வழவழப்பாக இருக்கலாம், தொழுவம் இருக்கக் கூடாது. சினைமாடு வழுக்கி விழுந்தால் மிச்சப்படுத்திய சிமெண்டு ஈடாகாது. அடைத்த இடத்தில் ஈரமாக இருக்கும்போதே அரை அங்குல அகலத்துக்கு, மூன்று நான்கு அங்குல இடைவெளியில் காடிகள் இழுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் கசிவு இருந்தால் வெளிப்பக்கம் பூசிப் பயனில்லை. தொட்டியைக் காலி செய்து உட்புறத்தில் வெட்டி அடைக்க வேண்டும். கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும் தூண், கூரை ஆகியவற்றில் மட்டும் தாமாக எதுவும் செய்யாமல் பொறியாளரைக் கேட்டுக் கொள்வது நல்லது.

தண்ணீர் விடும் காலம்

மேலே சொன்ன அத்தனையும் செய்து விட்டு இரண்டு நாள் தண்ணீர் விட மறந்தால் போதும், வேலை கெட்டு விடும். கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டு மெல்லத்தான் இறுகும். அதற்குப் 10 நாள் ஈரம் வேண்டும். வெயில் காலமானால் 14 நாள். ஒரு நாளைக்கு இரு முறை வாளியால் தெளிப்பது போதாது. களிமண்ணால் வரப்பு அணைத்துத் தண்ணீரை நிறுத்தலாம்; அல்லது வைக்கோல், சாக்கு பரப்பி எப்போதும் நனைத்து வைக்கலாம். கோடையில் வேலையை மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்குவது உத்தமம். சம்பா அறுவடைக்குத் தயாராக வேண்டிய களத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே வேலையை முடித்து விட வேண்டும். அடைமழை புதுச் சிமெண்டைக் கழுவிக் கொண்டு போகும்.

ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும். வெறுங்காலோடு கலவையில் நிற்காமல் ரப்பர் பூட்சு போட்டுக் கொள்வதும், கையுறை இடுவதும், பட்டால் உடனே கழுவுவதும் நல்லது.

ஈரம் நிறுத்திய பின் நெல் காயப் போடலாம். ஆனால் டிராக்டரும் பாரவண்டியும் 28 நாள் வரை புது ஒட்டின் மேல் ஏறக் கூடாது. அதுவரை நான்கு மூலையிலும் கல் நட்டுக் கயிறு கட்டி வைக்கலாம். முதன்முறை நெல் கொட்டுமுன் களத்தை இரண்டு தடவை கழுவிப் பெருக்கி, ஒரு கூடை பதரைப் பரப்பித் துடைப்பத்தால் தேய்த்து வாரி எடுத்து விட்டால், மிச்சமிருக்கும் மணல் துகளும் அதோடு போய் விடும்.