கணினித் திரையிற் சிக்கிய கேபிளைக் கழற்றும் முறை

வலிந்து இழுக்கலாகாது என்பதே முதல் விதி. 1987 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ் செய்த வி.ஜி.ஏ. கேபிள், 15 ஊசிகளையுடைய செருகியின் இருபுறமும் திருகாணியாற் பிணிக்கப்படுவது. கொடகவெல போன்ற ஊர்களின் ஈரக்காற்றிற் பல்லாண்டு கிடப்பின், அத்திருகாணி திரையிலுள்ள அறுகோணச் சுரையுடன் துருப்பிடித்து இறுகிவிடும். அந்நிலையில் இழுத்தால் உள்ளேயுள்ள பற்றாசு விட்டுத் திரையே பழுதாகும். தோட்டப் பாடசாலையொன்றில் ஒரு திரை போனால் பல மாணவரின் பாடம் தடைப்படும்.

முதலில் மின்னிணைப்பைத் துண்டிக்குக. பின்னர்த் திருகாணித் தலையைக் குறட்டாற் பற்றி, இடப்புறமாகச் சிறிது சிறிதாகத் திருப்புக. இரு பக்கத்தையும் மாறிமாறித் தளர்த்துக. சுரையும் உடன்வரின் அஞ்ச வேண்டா. கேபிளை எடுத்தபின் அதனை வேறாக்கி மீண்டும் பொருத்தலாம். 2006 இல் வந்த டிஸ்பிளேபோட் வகைக்குத் திருகாணி இல்லை. ஆயினும் அத்தகைய கேபிள்கள் பலவற்றிற் கொளுக்கி உண்டு. அதன் பொத்தானை அழுத்திய பின்னரே எடுத்தல் வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது விரலால் முடுக்குதலே போதும். இன்று முடுக்குவோர், நாளை கழற்றுவோரையும் நினைத்தல் நன்று.